முன்னாடியா, பின்னாடியா?

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துத் திரும்பவும் மாட்டிய வண்டி வெடிக்கிறது என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். முன்னாடி வெடிக்கிறதா, பின்னாடி வெடிக்கிறதா? கார்ப்பரேட்டர் வழியாக வெடித்தால், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளே நெருப்புப் பிடித்துவிட்டது என்று பொருள். சைலன்சரில் வெடித்தால், சிலிண்டருக்குள் எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய பெட்ரோல் எரியாமல் தப்பி, குழாய்க்குள் போய் எரிகிறது. தெருவில் நிற்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்கானிக்குக் கைவைக்க வேண்டிய இடமே வேறு.

இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது ராயப்பேட்டையில், எண்பதுகளின் தொடக்கத்தில். சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதன் மெக்கானிக் புல்லட் தவிர வேறு வண்டியை உள்ளே விடமாட்டார். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் பாய். பள்ளிக்கூட லீவில் அங்கே எடுபிடியாகப் போவேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, பிரித்த பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, டீ வாங்கி வருவது, மீதி நேரம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது.

புல்லட் சென்னையின் வண்டி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. ரெட்டிச்சில் கதவைச் சாத்திய பிறகும் இங்கே அதே 346 சி.சி. இன்ஜின் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருந்தது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அந்த இன்ஜினில் திருகினால் நகராதது என்று எதுவும் இல்லை. தீப்பொறி விழும் நேரம், வால்வின் இடைவெளி, கலவையின் அளவு எல்லாம் கடைசியாகத் தொட்டவர் விட்ட இடத்தில் நிற்கும். தொட்டவர் சரியானவராக இருந்தால் பல வருஷம் நிற்கும். இல்லையென்றால் பட்டறை வாசலிலேயே வெடிக்கும்.

என் மாமாவின் வண்டி அப்படித்தான் வெடித்தது. வேறொரு இடத்தில் இன்ஜினை இறக்கி, போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு கிரைண்ட் செய்து மாட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் ஆகவே இல்லை. கிக்கரை உதைக்கும்போதெல்லாம் கார்ப்பரேட்டரிலிருந்து ஒரு வெடி, கூடவே நாக்கு நீட்டும் தீ. பாயிடம் கொண்டுபோகலாம் என்று நானும் அவரும் தள்ளிக்கொண்டு கிளம்பினோம். வழியில் இன்னொரு தடவை உதைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது மாமா மறுத்துவிட்டார். "ஆஸ்பத்திரி வாசல் தாண்டட்டும்டா. உள்ள படுத்திருக்கிறவங்களத் தூக்கிப்போடும்." ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் மதில் முடியும்வரை சாவியைக்கூட அவர் திருப்பவில்லை. சட்டை முழுக்க வியர்வை. ஒரு வண்டிக்காரர் தன் வண்டியின் சத்தத்துக்காக வெட்கப்பட்ட காலம் அது. அதை நான் பெருமையாகவே நினைத்துக்கொள்கிறேன்.

பாய் வண்டியைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எங்க சார் வெடிக்குது? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் பாய். கார்ப்பரேட்டர்ல நெருப்பே தெரியுது."

"இன்ஜின் இறக்கறதுக்கு முன்னாடி இப்படி வெடிச்சிதா?"

"இல்ல. பொகைதான் வந்துச்சு."

"அப்ப கை பட்ட எடத்துலதான் நோவு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, கார்ப்பரேட்டர அவுக்காத. மொதல்ல பிளக்கக் கழட்டு."

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்ததை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு தடவை. ஒரு தடவை கலவையை அழுத்தி முடித்துவிட்டு வருகிறது. இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிவிட்டு வருகிறது. தீப்பொறி முதல் உச்சியில் மட்டுமே விழ வேண்டும். இரண்டாவது உச்சியில் புகை வால்வு இன்னும் முழுக்க மூடியிருக்காது, கலவை வரும் வால்வு அப்போதுதான் திறக்க ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் பொறி விழுந்தால் நெருப்புக்குக் கார்ப்பரேட்டர் வரை வழி திறந்தே கிடக்கிறது. பழைய புல்லட்டில் பாயிண்ட் என்ற மின்தொடர்பு திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். அதைத் திறக்கும் தண்டு, இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சுற்று சுற்றும். எனவே அதைத் தப்பான உச்சிக்கு வைத்து மாட்டிவிட முடியும். கேம் பல்சக்கரங்களில் குறி இருக்கிறது, பொருத்திப் பார்த்து மாட்டலாம். பாயிண்ட்டை ஓட்டும் இடைச்சக்கரங்களோ எந்தப் பல்லில் வைத்தாலும் சாதுவாக உட்கார்ந்துகொள்ளும்.

பிளக் ஓட்டையை என் கட்டைவிரலால் அடைக்கச் சொல்லிவிட்டு, பாய் கிக்கரைக் கையால் மெல்ல இறக்கினார். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது. "இதுதான் கம்ப்ரஷன். இப்ப போக்ஸ் கம்பிய உள்ள விடு." சைக்கிள் போக்ஸ் கம்பி பிஸ்டனோடு சேர்ந்து ஏறியது. உச்சிக்குச் சற்று முன்னால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் அவர் நிறுத்தினார். அந்த இடத்தில்தான் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் இறுக மூடியிருந்தது. மறுபடியும் முழுசாக ஒரு சுற்று சுற்றி, புகை உச்சிக்கு வந்தபோது திறந்தது.

"ஒரு சுத்து தள்ளி மாட்டிட்டாங்க" என்றார். மாட்டியவரைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பாயிண்ட்டைத் திறக்கும் அட்வான்ஸ் யூனிட்டை அதன் டேப்பரிலிருந்து விடுவித்து, அரைச் சுற்று திருப்பி வைத்து, நேரத்தைக் கூட்டினார். பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்று பார்க்க அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைக் கிழித்து பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, இன்ஜினை மெல்லச் சுற்றியபடியே தாளை இழுப்பது ஒன்று. தாள் எப்போது நழுவுகிறதோ அப்போது பாயிண்ட் திறக்கிறது. இன்னொன்று, சாவியைத் திருப்பிவிட்டு ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பது. பாயிண்ட் மூடியிருந்தால் முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். சார்ஜ் ஆகிறதா என்று காட்ட வைத்த மீட்டரை இந்த ஊர் மெக்கானிக்குகள் டைமிங் பார்க்கும் கருவியாக்கிக்கொண்டார்கள். விலை கொடுத்து ஒரு கருவியும் வாங்காமல் மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்த கைகள் அவை. பாயிண்ட் இடைவெளியை மட்டும் அவர் பார்வைக்கு விட்டதில்லை. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்த பிறகுதான் மூடியைப் போடுவார்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. மாமா முகம் மலர்ந்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடித்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பட்டறைகளில் நிதானம் போய்விடும். செய்த வேலை தப்போ என்று டைமிங்கை மறுபடி கலைப்பார்கள், கலவையையும் சேர்த்துத் திருகுவார்கள், பிறகு எது எதைக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பாய் அப்படிச் செய்யவில்லை. முன்னாடி வெடித்தது நின்றுவிட்டது, அந்த வேலை முடிந்தது, இது வேறு நோவு. இன்ஜின் வேலைக்குப் பிறகு வரும் கோளாறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வரும். மேலே இருப்பதை எடுத்த பிறகுதான் கீழே இருப்பது கண்ணில் படும். அதனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறி முதலில், வால்வு அடுத்து, காற்றும் பெட்ரோலும் கடைசியில். இந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றி நான் பார்த்ததில்லை.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு சிலிண்டரின் வலப்பக்கம் இருக்கும் டேப்பட் மூடியைத் திறந்து, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டச் சொன்னார். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் விரலுக்குச் சுழல வேண்டும். ஒன்று சுழன்றது. புகை வால்வின் ராடு அசையவே இல்லை. வால்வைக் கிரைண்ட் செய்தால் அது தன் இருக்கையில் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும். அதன் காம்பு அந்த அளவுக்கு மேலே வரும், இருந்த இடைவெளி காணாமல் போகும். வால்வு முழுதாக மூடாது. எரிந்து முடியாத கலவை அந்தச் சந்தில் கசிந்து சைலன்சருக்குப் போகும். கிரைண்ட் செய்தவர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார். அதற்குப் பிறகு டேப்பட்டைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதுதான் விட்டுப்போயிருந்தது.

அதை வைத்து முடித்த பிறகு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. பாயிண்ட்டில் பளீரென்று பொறி தெறித்தது, அதைத் தடுக்கும் கண்டென்சர் போய்விட்டது என்று பாய் சொன்னார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓடி நான் வாங்கி வந்தேன். அதை மாட்டிய பிறகு மாமா பீச் ரோடு வரை போய்த் திரும்பினார். வெடி எங்கேயும் இல்லை.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. பாயிண்ட்டும் இல்லை. 2021இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் இன்ஜினில் புஷ் ராடே கிடையாது. கேம் மேலே ஹெட்டுக்குள் போய்விட்டது, செயின் அதை ஓட்டுகிறது. 72 மில்லிமீட்டர் விட்டம், 85.8 மில்லிமீட்டர் ஓட்டம், 349 சி.சி. பொறி எப்போது விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கிராங்க் சென்சாரையும் மற்ற சென்சார்களையும் பார்த்து ஈ.சி.யூ. என்ற சிறு கணினி முடிவு செய்கிறது. திருகி நேரம் கூட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சுற்று தள்ளி மாட்டுகிற தப்பு வழக்கொழிந்தது. இது உண்மையான முன்னேற்றம், மழையில் நனைந்து உதைத்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். வண்டி வெடிப்பது மட்டும் ஒழியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளம் முழுகியது. பக்கத்து வீட்டுப் பையனின் கிளாசிக் தண்ணீருக்குள் நின்றது. இன்ஜின் ஆயில் வெளுத்துப் போயிருந்தது. ஒரு சர்வீஸ் பட்டறையில் இன்ஜினைப் பிரித்து, பேரிங், சீல் எல்லாம் மாற்றி மாட்டிக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து ஆக்சிலேட்டரைத் திருப்பி விட்டால் சைலன்சரில் வெடி. திரும்பக் கொண்டுபோனான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஓடும்போது காட்டும் அளவுகளில் மட்டும், புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் சொன்னது. எனவே சென்சாரை மாற்றினார்கள். புதுச் சென்சாரும் அதையே சொன்னது. அடுத்து ஈ.சி.யூ.வை மாற்றலாம் என்றார்கள்.

அப்போதுதான் அவன் என்னிடம் வந்தான். "அங்கிள், நீங்க பழைய புல்லட்லாம் பார்ப்பீங்களாமே."

அவனை அழைத்துக்கொண்டு பள்ளிக்கரணையில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் பட்டறைக்குப் போனேன். முப்பதுகூட ஆகாதவர், பொறுமைசாலி. நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடுகிறது, ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆகிறது, ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. கேம் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால் இந்த மூன்றும் சேர்ந்து நன்றாக இருக்காது. ஆகவே ஹெட்டைத் திறக்க அவசரம் இல்லை. வெடி பின்னாடி மட்டும்தான், அதுவும் ஆக்சிலேட்டரை விடும்போது. பிறகு, கை பட்ட இடம் எது என்று பார்த்தோம். இன்ஜினை இறக்கும்போது, ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பைக் கழற்றாமல் இறக்க முடியாது.

சென்சார் பொய் சொல்லவில்லை என்று நான் நினைத்தேன். புகையில் ஆக்சிஜன் அதிகம் இருக்கிறது என்று அது சொன்னால், இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது சென்சாரின் வேலை இல்லை. பெண்டு பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தால், புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறும்போது நடுநடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை முகர்ந்துவிட்டுக் காற்று அதிகம் என்கிறது. ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூடுதல் பெட்ரோல் எரியாமல் குழாய்க்குப் போகிறது. அங்கே கசிந்து வந்த காற்றும் சூடும் தயாராக இருக்கின்றன.

இன்ஜின் ஆறியதும், சைலன்சரின் வாயில் துணியைச் சுற்றிக் கம்ப்ரசர் காற்றை லேசாக விட்டோம். மூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் குமிழ் குமிழாக வந்தது. கழற்றிப் பார்த்தால் நசுங்கிய பழைய கேஸ்கெட் வளையத்தையே திரும்பப் போட்டிருந்தார்கள். நசுங்கி அடைப்பதற்கென்றே செய்த வளையம் அது, ஒரு தடவைக்குத்தான் நசுங்கும். புது வளையம் போட்டதும் வெடி முக்கால்வாசி நின்றது.

மீதிக் கால்வாசிக்குக் காரணம் அவனே மாட்டிய சைலன்சர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, சத்தம் கூடுதலாக வரும் ஒன்றைப் புயலுக்கு முன்பே அவன் மாட்டியிருந்தான். அவன் நண்பர்கள் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பெட்ரோல் தெளிக்கச் சொல்லி, பொறியைத் தாமதமாக விழவைத்து, வேண்டுமென்றே வெடிக்கும்படி ஈ.சி.யூ.வை மாற்றி எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்கிறார்கள். மாமாவின் வண்டியில் நாங்கள் ஒரு பொழுது முழுக்கத் தேடித் தேடி அகற்றிய அதே கோளாறுகள், பொறி நேரம் தப்புவது, எரியாத பெட்ரோல் வெளியேறுவது, குழாயில் எரிவது, இன்று கட்டணம் கட்டிச் சேர்க்கும் வசதிகள். புகை வால்வு அந்தச் சூட்டில் தேய்கிறது. எரியாத பெட்ரோல் போய் எரிவதால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உருகிப்போகிறது. வண்டியின் பாகங்களை விடுங்கள். நள்ளிரவில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஒருவன் வெடித்துக்கொண்டு போனால், எங்கள் அடுக்ககத்தில் கைக்குழந்தைகள் அலறி எழுகின்றன, இதய நோயாளி ஒருவர் மாத்திரையைத் தேடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு சத்த வரம்பை முதல் தடவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சொல்கிறது. ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டும்வரை சாவியைத் திருப்பாத மாமாவுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அவன் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து கம்பெனி சைலன்சரை எடுத்து வந்தான். மாட்டியதும் ஆக்சிலேட்டரைத் திருப்பித் திருப்பி விட்டுப் பார்த்தோம். பின்னாடியும் வெடி இல்லை.

கழற்றியதை என்ன செய்வது என்று கேட்டான். அறுத்துப் பார்க்கலாம் என்றேன். பட்டறை இளைஞர் கட்டிங் வீலை எடுத்து நீளவாக்கில் பிளந்தார். உள்ளே சத்தத்தை அடக்கும் அறைகள் இல்லை, கன்வர்ட்டர் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓடும் ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கருகிப்போன கண்ணாடிப் பஞ்சு. அவ்வளவுதான் இருந்தது. அவன் அதற்குக் கொடுத்த விலையைச் சொன்னபோது இளைஞர் திரும்பவும் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிளந்த பாதியை அவர் பெஞ்சுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். இப்படி ஒன்று வாங்கி மாட்டலாமா என்று கேட்டு வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் இறக்கிக் காட்டுகிறார்.